நங்கூரம் பிடித்ததா என்று பார்க்கிறவர்

ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு யாராவது நாலடி தள்ளி நின்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார்களா? அவர் பார்ப்பார். காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கார்டு தேய்க்க ஓடிக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் யார்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு தன் பழைய ஸ்கூட்டருக்கு எதிரே நிற்பார். வண்டியின் கண்ணாடியையும் அதற்குப் பின்னால் இருக்கும் மின்கம்பத்தையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்ப்பாராம். கோடு கலையவில்லை என்றால் வண்டி அசையவில்லை என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் உள்ளே வருவார். முதல் வாரம் செக்யூரிட்டிக்காரர் இவருக்கு ஏதோ வேண்டுதல் என்றே நினைத்துவிட்டார்.

நான் அப்போது அந்த யார்டில் ஷிப்டு சூப்பர்வைசர். மண்ணூர் என் சொந்த ஊர். எங்கள் வீட்டிலிருந்து யார்டுக்கு நடந்தே போகலாம். கார் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய பாகங்கள் கன்டெய்னரில் வந்து எங்களிடம் நிற்கும். தொழிற்சாலையிலிருந்து எதைக் கேட்கிறார்களோ அதை, கேட்ட நேரத்துக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பவில்லை என்றால் அங்கே கார் பூட்டுகிற லைன் நிற்கும். லைன் நின்றால் நம் கதை முடிந்தது. இந்த ஒரு பயத்தில்தான் அந்த யார்டே ஓடிக்கொண்டிருந்தது, நானும் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்கு இயல்பிலேயே பொறுமை கிடையாது. தோசை வேகும்வரை கல்லுக்கு முன்னால் நிற்க மாட்டேன் என்று அம்மா இன்றைக்கும் திட்டுவாள்.

அப்படிப்பட்ட எனக்குக் கீழே, டிரெய்லர் டிரைவராக, பார்த்துப் பார்த்துக் காலை எடுத்து வைக்கிற இந்த மனிதர் வந்து சேர்ந்தார்.

டிரெய்லரில் முன்னால் இழுக்கிற வண்டி தனி, பின்னால் கன்டெய்னரைச் சுமக்கிற தட்டு தனி. யார்டில் கொண்டு வந்து விட்டதும், தட்டின் முன்பக்கம் இருக்கிற இரண்டு இரும்புக் கால்களைச் சுழற்றி இறக்கிவிட்டு, முன்வண்டியைக் கழற்றிக்கொண்டு அடுத்த சுமைக்குப் போய்விடலாம். முன்பக்கத்துக் கனத்தை எல்லாம் அந்த இரண்டு கால்தான் தாங்கும். மற்ற டிரைவர்கள் காலை இறக்கினோமா, கழற்றினோமா, போனோமா என்று இருப்பார்கள். இவர் காலுக்கு அடியில் பலகை வைப்பார், இறக்குவார், கழற்றுவார், முன்வண்டியை ஒரு முழம் மட்டும் நகர்த்தித் தட்டுக்கு அடியிலேயே வைத்துக்கொள்வார். கால் புதைந்தாலும் தட்டு முன்வண்டியின் மேல்தான் உட்காரும், கவிழாது. பிறகு கீழே இறங்கி இரும்புக் காலின் மேல் உள்ளங்கையை வைப்பார். கன்டெய்னரின் ஓரத்தையும் காம்பவுண்டுக்கு அப்பால் தெரிகிற தண்ணீர்த் தொட்டியையும் கோடு சேர்த்துப் பத்து நிமிஷம் பார்ப்பார். அதற்குப் பிறகு ஒரே ஒரு வார்த்தை சொல்வார்: "பிடிச்சுது."

அந்த வார்த்தை வருகிறவரை அவரை யாராலும் அசைக்க முடியாது. நான் கத்திப் பார்த்திருக்கிறேன். "இருங்கம்மா, பாத்துகினு கீறேன்ல" என்பார், திரும்பக்கூட மாட்டார்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை கேன்டீனில் ஒருநாள் அவரே சொன்னார். அவர் வடக்குப்பட்டுக்காரர். விவசாயக் குடும்பம். ஐடிஐ முடித்து, ஏஜென்ட் மூலமாகச் சுற்றுலாக் கப்பலில் இன்ஜின் அறை வேலைக்குப் போனவர், எப்படியோ கரீபியன் தீவுகள் பக்கம் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியின் பாய்மரப் படகில் வேலைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டார். ஒன்பது வருஷம் அந்தப் படகுதான். தீவு தீவாகப் போவார்கள், காற்று ஒதுங்கிய விரிகுடாவாகப் பார்த்து நிறுத்துவார்கள். நிறுத்துகிற வேலை இவருடையது.

நிறுத்துவது என்றால் நங்கூரத்தைத் தூக்கித் தண்ணீரில் போடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதைச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சாவிக்கொத்தை மேஜைமேல் எடுத்து வைத்தார். "போட்டா மட்டும் நிக்காதும்மா. பிடிக்கணும். பிடிக்கலன்னா அது வெறும் இரும்பு" என்று ஆரம்பித்தார்.

அந்த விரிகுடாவில் அலையே இருக்காதாம். குன்றுச் சரிவில் மேய்கிற ஆட்டின் மணிச் சத்தம் படகு வரைக்கும் கேட்குமாம். தண்ணீர் அத்தனை தெளிவு. அடியில் வெளுத்துத் தெரிந்தால் மணல், கறுத்துத் தெரிந்தால் கடல்புல். புல்லில் நங்கூரம் மாட்டாது, மணலாகப் பார்க்க வேண்டும். காற்றுக்கு எதிரே மெதுவாகப் போய், படகு நின்றதும் நங்கூரத்தைத் தரை தொடும்வரை இறக்க வேண்டும். காற்று படகைப் பின்னால் தள்ளத் தள்ளச் சங்கிலியை விட்டுக்கொண்டே போக வேண்டும். ஆழம் எவ்வளவோ அதைப்போல ஐந்து மடங்கு. நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும், தரையோடு படுக்கையாக இழுத்தால்தான் புதையும். அப்புறம் இன்ஜினைப் போட்டுப் படகைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, சங்கிலியின் மேல் கையை வைக்க வேண்டும். சங்கிலி நடுங்கினால் நங்கூரம் மணலை உழுதுகொண்டு வருகிறது. விறைத்துக்கொண்டு அசையாமல் இருந்தால் பிடித்துவிட்டது.

சாவிக்கொத்தை மேஜையில் இழுத்து இழுத்து இதையெல்லாம் அவர் காட்டியபோது எனக்கு ரசம் ஆறிப்போனது தெரியவில்லை. அத்தோடு முடிந்ததா என்று கேட்டேன். எங்கே முடிந்தது என்று சிரித்தார். கரையில் ஒரு தென்னை மரத்தையும் அதற்குப் பின்னால் ஏதாவது ஒரு சுவர் மூலையையும் கோடு சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து, அடியில் போய் நங்கூரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவார். அதுவரை அந்தக் கிழவரும் கிழவியும் பின்தளத்தில் கண்ணாடிக் கோப்பையும் கையுமாக, பாட்டிலைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்களாம். இவர் மேலே வந்து தமிழில்தான் சொல்வார், பிடிச்சுது என்று. அவர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை அதுதான்.

இன்னொரு கதையும் சொன்னார். ஒருநாள் மதியம் பக்கத்தில் வேறொரு படகு வந்தது. அதில் இருந்த ஜோடி நங்கூரத்தைத் தடாலென்று போட்டுவிட்டுக் கரைக்குச் சாப்பிடப் போய்விட்டது. இவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அரை மணியில் அந்தப் படகு ஆளில்லாமல், கயிறு அவிழ்ந்த பசுமாடு மாதிரி, அது பாட்டுக்குத் திறந்த கடலை நோக்கிப் போக ஆரம்பித்துவிட்டது. இவர்தான் சின்னப் படகில் துரத்திப்போய்ப் பிடித்தார். "காத்தே இல்லாத இடம். அலையடிக்கிற எடத்துல எவனும் ஏமாற மாட்டான். இந்த மாதிரி எடத்துலதான் போட்டுட்டுப் போயிடுவான்" என்றார்.

எல்லாவற்றுக்கும் அவர் இந்த அளவுகோலைத்தான் வைத்திருந்தார். கேன்டீன் மாஸ்டர் தன் மகளுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டார். பையன் எங்கள் யார்டிலேயே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், நல்ல பையன், தினமும் பார்க்கிற முகம். இவர் பிடி கொடுக்கவில்லை. "ஒரு பக்கத்துக் காத்துல நல்லாத்தான் நிக்குறான். காத்து திரும்பட்டும், அப்பறம் சொல்றேன்" என்றுவிட்டார். காற்று எப்போது திரும்புவது, மகளுக்கு எப்போது கல்யாணம் செய்வது? மாஸ்டர் ஒரு மாதம் இவருக்கு அப்பளம் வைக்கவில்லை. பிறகு ஒரு பிரச்சினையில் பையனுக்கு நாலு நாள் சஸ்பென்ஷன் கிடைத்தது. அவன் குடிக்காமல், யாரையும் திட்டாமல், மாமன் வயலில் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தான். அன்றைக்கு இவரே கேன்டீன் ஜன்னலில் தலையை விட்டுச் சொன்னார், பிடிச்சுது என்று. மூன்றாம் மாதம் கல்யாணம் நடந்தது. பந்தியில் அவருக்கு இரண்டு அப்பளம் விழுந்ததை நானே பார்த்தேன்.

கடலை விட்டு வந்ததற்குக் காரணம் கேட்டால், மனைவி தனியாக இருக்கிறாள், பையன் வளர்ந்துவிட்டான் என்பார். அவர் கான்ட்ராக்ட் ஆள். அந்த வருஷம் நாலு டிரைவர்களைக் கம்பெனி ரோலில் நிரந்தரமாக எடுப்பதாகப் பேச்சு இருந்தது, அதில் அவர் பெயரும் இருந்தது. எடுத்துவிட்டால் இனிமேல் கப்பல், படகு என்று போக வேண்டாம், வீட்டுச் சோறு சாப்பிட்டுக்கொண்டு இங்கேயே இருந்துவிடலாம். அவர் எதற்கும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை, இது ஒன்றைத் தவிர. வாரம் ஒருமுறை என் மேஜைக்கு வந்து, "லிஸ்ட்டு வந்துதாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஆனால் அவருடைய பத்து நிமிஷம் என் கம்ப்யூட்டரில் சிவப்பாகத் தெரிந்தது. எந்த டிரைவர் எவ்வளவு நேரம் எடுக்கிறார் என்பது திரையில் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் பெயர் எப்போதும் சிவப்பு. நான் மேனேஜரிடம் புகார் எழுதினேன். மேனேஜர் இவரைக் கூப்பிட்டுக் கேட்டார். இவர் சண்டை போடவில்லை. யார்டு இருக்கிற இடம் தூர்த்த ஏரி என்றும், மேலே கொட்டின சரளையை நம்பக் கூடாது என்றும் பொறுமையாகச் சொன்னார். மேனேஜர் மறுக்க முடியாமல் ஒரு படிவம் அடித்துக் கொடுத்தார். ஒவ்வொரு டிரெய்லரும் நின்ற பிறகு, நின்றதைப் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். நான் தோற்றுப்போனேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அந்தப் படிவம் பின்னால் யார் கழுத்தைப் பிடிக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

மூன்று நாள் மழை. நாலாம் நாள் விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. கார்களின் முன்கண்ணாடி ஏற்றிய கன்டெய்னரோடு அவர் உள்ளே வந்தார். அதே நேரம் தொழிற்சாலையிலிருந்து போன்: வேறொரு கன்டெய்னர் இருபது நிமிஷத்தில் அங்கே இல்லையென்றால் லைன் நிற்கும். அதை இழுக்க அன்றைக்கு இருந்தது இவருடைய முன்வண்டி ஒன்றுதான். யார்டில் காலி இடமாக இருந்தது வடகிழக்கு மூலை மட்டும்தான். இரண்டு நாளில் எனக்கு இன்சார்ஜ் பதவிக்கு இன்டர்வியூ வேறு.

அவர் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார். "இந்த மூல எப்பிடிம்மா? உங்க ஊருதானே, உங்களுக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். அந்த ஏரியிலேயே ஆழமான இடம் அதுதான். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் எருமை அங்கே இறங்கினால் கொம்பு மட்டும்தான் வெளியே தெரியும். தூர்த்தபோது அந்த மூலைக்கு மட்டும் லாரி லாரியாக மண் விழுந்தும் நிறையவில்லை என்று ஊரே பேசியது. "எல்லா எடமும் ஒண்ணுதாண்ணா" என்றேன்.

அவர் நிறுத்தினார், பலகை வைத்தார், கால்களை இறக்கினார், கழற்றினார், ஒரு முழம் நகர்த்தினார். இறங்கி வந்து காலின் மேல் கையை வைத்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். ஒரு நிமிஷம் போனது. இரண்டு நிமிஷம் போனது. என் கையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணா, இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்க. லைன் நின்னா எம் பேருதான் போவும். பிடிச்சுதுன்னு சொல்லுங்கண்ணா, போதும்."

அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி மழையில் தெரியவில்லை, கோடு சேர்க்க எதுவும் இல்லை. கையைக் காலிலிருந்து எடுத்தார். நான் படிவத்தை நீட்டினேன். எழுத்து நனையாமல் என் குடையைச் சரித்துப் பிடித்தேன், அந்த அளவுக்கு எனக்கு அக்கறை இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார்.

"பிடிச்சுது" என்றார்.

லைன் நிற்கவில்லை. நான் ஆபீசுக்குப் போய் டீ குடித்தேன். ஒரு மணி நேரம் கழித்து, ஏதோ கட்டடம் இடிகிற மாதிரி சத்தம் கேட்டது. ஒரு பக்கத்துக் கால் பலகையோடு புதைந்து, தட்டு மூக்கைக் குத்தி, கன்டெய்னர் காம்பவுண்டுச் சுவரின் மேல் சாய்ந்திருந்தது. யாருக்கும் அடி இல்லை. உள்ளே இருந்த கண்ணாடி ஒன்றுகூட முழுதாக இல்லை. கதவைத் திறந்தபோது கொட்டிக்கொண்டே இருந்தது, வெகுநேரம் நிற்கவில்லை.

மறுநாள் விசாரணை. மேனேஜர், ஹெச்ஆர், கான்ட்ராக்ட்காரர், நான். மேஜையில் அந்தப் படிவம். பத்து நிமிஷம் நின்று பார்த்தீர்களா என்று மேனேஜர் கேட்டார். அவர் என்னைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை.

"பாத்தேன் சார். பிடிச்ச மாதிரிதான் இருந்துது."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அங்க இருந்தீங்களா?"

"நான் ஆபீஸ்ல இருந்தேன் சார்" என்றேன். அது விழுந்த நேரத்துக்கு அது உண்மைதான். இப்படி ஒரு உண்மையைத் தேடிப் பிடித்துச் சொல்ல எனக்கு அரை நொடிகூட ஆகவில்லை. எதற்கும் பொறுமையில்லாத என் புத்தி அன்றைக்கும் வேகமாகத்தான் வேலை செய்தது.

அவரைக் கான்ட்ராக்டிலிருந்து அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். வாசலில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டிருந்தபோது ஓடிப்போய், அண்ணா, நான் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லும்போதே, வேண்டாம் என்று அவர் சொல்லிவிட வேண்டுமே என்று உள்ளுக்குள் ஒரு வேண்டுதல் ஓடியது. அவர் என்னைக் காத்திருக்க வைக்கவில்லை.

"வோணாம்மா. நீ கேட்ட, அவ்ளோதான். சொன்னது என் வாயி."

அதுவரை என்னை அவர் ஒருமையில் பேசியதில்லை. கோபமா, பாசமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த வார்த்தையை அனுமதி மாதிரி எடுத்துக்கொண்டு நான் உள்ளே போய்விட்டேன். மறுநாள் இன்டர்வியூ நன்றாகச் செய்தேன். பதவி கிடைத்தது. யார்டு முழுக்க கான்கிரீட் போட்டார்கள். படிவத்தை நிறுத்திவிட்டார்கள். லிஸ்ட்டு வந்தது, மூன்று பெயர்கள் இருந்தன.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனம் ஒரு வழியாகத் துணிந்து, வடக்குப்பட்டுக்குப் போனேன். அவரிடம் இல்லாவிட்டாலும் அவர் மனைவியிடமாவது நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டேன். வீட்டில் அவர் இல்லை. மறுபடியும் கடலுக்குப் போய்விட்டாராம், யாரோ வேறு முதலாளியின் படகு. முழங்கால் வலியோடு இந்த வயதில் போக வேண்டியதாகிவிட்டது என்று அந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்கள். யார்டிலிருந்து வந்திருக்கிற மேடம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

என்னைப் பேச விடாமல் அவர்களே பேசினார்கள். வேலை போனதுகூடப் பெரிதில்லையாம், மனிதர் மாறிவிட்டாராம். முன்பெல்லாம் கேஸ் மூடியிருக்கிறதா, தாழ்ப்பாள் விழுந்ததா என்று நாலு தடவை பார்ப்பவர் எதையும் பார்ப்பதை விட்டுவிட்டார். பையனுக்கு இரண்டு இடத்தில் வேலை வந்து, எதில் சேருவது என்று கேட்டிருக்கிறான்.

"'என்னிய கேக்காதடா, நான் சொன்னா சரியா இருக்காது'ன்னுட்டாரும்மா. அவரு வாயில அப்பிடி ஒரு வார்த்த நான் கேட்டதே இல்ல. வேற எவனாவது வந்து, உம் புருஷன் பாக்காம கையெழுத்துப் போட்டான்னு சொல்லியிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன். அவரே சொல்றாரு, நான் இன்னா பண்ணுவேன்?"

சேர்த்து வைத்திருந்த வாக்கியம் வாய்வரை வந்தது. அதற்குள் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உங்களப் பத்திச் சொல்லாத நாளில்ல. போலீஸ் கேசு ஆவ வேண்டியது, மேடம்தான் தடுத்தாங்கன்னாரு. அந்த ரூம்ல அத்தினி பேர் முன்னால இவருக்காவ நீங்க ஒருத்தர்தான் பேசினீங்களாமே?"

கை இன்னும் என் கையில்தான் இருந்தது. கண்ணைப் பார்த்துக் கேட்டார்கள்.

"ஆமா அண்ணி" என்றேன்.

கொல்லையில் காய்த்த கத்தரிக்காயை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.